பாட்டு நன்னனுடையது, பானை யாருடையது?

சென்ற கோடையில் பத்து நாள் கலசப்பாக்கத்தில் என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். அவளுடைய பிள்ளைகள் இருவருக்கும் சரித்திரப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெரியவன் மூவேந்தர், ஐந்திணை, கடையெழு வள்ளல்கள் என்று நெட்டுருப் போட்டு ஒப்பித்தான். சின்னவள் புத்தகத்தைத் திறக்கவே மறுத்தாள். ஜன்னலுக்கு வெளியே பர்வதமலை நின்றுகொண்டிருந்தது.

மலைபடுகடாத்தில் நவிரம் என்று வருவது அந்த மலைதான் என்கிறார்கள். ஊரை ஒட்டி ஓடும் செய்யாறு அதிலே சேயாறு. மேற்கே இருக்கும் செங்கம்தான் நன்னனுடைய ஊர். வாசலிலேயே இருக்கிற சரித்திரத்தை நாங்கள் பாடப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தோம்.

"அந்தப் பாட்டிலே வருகிற சாப்பாட்டைச் சமைத்துப் பார்ப்போமா?" என்று கேட்டேன். சின்னவள் உடனே எழுந்து வந்துவிட்டாள்.

பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு. 583 அடிகள் கொண்டது. உ. வே. சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டார். நன்னனிடம் பரிசு பெற்ற கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்லுவதாக அமைந்தது அந்தப் பாட்டு. எங்கே வழுக்கும், எங்கே தங்கலாம், எந்த இடத்தில் என்ன சோறு கிடைக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறான். உணவு அங்கே வெறும் வருணனை அல்ல; பசித்தவனுக்குப் பசித்தவன் சொல்லும் தகவல்.

அதிலே மூங்கிலரிசியும் மேட்டு நிலத்து நெல்லின் அரிசியும் அவரையும் சேர்ந்த ஒரு புளிங்கூழ் வருகிறது. அதைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். நாட்டு மருந்துக் கடையில் மூங்கிலரிசி வாங்கி, இரவெல்லாம் ஊறவைத்து, மண்பானையில் ஏற்றினோம். பாட்டிலே அளவு ஏது? புளி தூக்கலாகிவிட்டது.

"மாமா, காரமே இல்லையே! மிளகாய் போட மறந்துட்டீங்களா?" என்றான் பெரியவன்.

மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது என்றும், 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு போர்த்துக்கீசியர் வழியாக நமக்குக் கிடைத்தது என்றும் சொன்னேன். தக்காளியும் உருளைக்கிழங்கும் அப்படித்தான். மிளகு போலக் காரமாக இருந்த காய்க்கு மிளகாய் என்று நாம் பெயர் வைத்துக்கொண்டோம். அவன் அடுப்பங்கரையைச் சந்தேகத்தோடு ஒரு சுற்றுப் பார்த்தான். அவ்வளவு கவனமாக அவன் தன் பாடப் புத்தகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை.

ஆனாலும் கூழை யாரும் முழுக்கச் சாப்பிடவில்லை. "இதுக்குத்தானா அண்ணா இவ்வளவு பாடு?" என்று தங்கை சிரித்தாள்.

குற்றம் கூழில் இல்லை என்று எனக்குப் பட்டது. பழந்தமிழ் விருந்து என்று வாழையிலையில் இருபது பண்டங்களைப் பரப்புகிறவர்களும் இந்தத் தவற்றைத்தான் செய்கிறார்கள். சமையல் குறிப்பைப் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, பசியைப் பாட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். வழிநடை வருத்தம் தீரத்தான் அந்தக் கூழ். காலையில் இட்லி தின்றவனுக்கு அதன் ருசி எப்படித் தெரியும்?

மறுநாள் விடியுமுன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, வறண்டு கிடந்த ஆற்றைக் கடந்து மலையடிவாரம் வரைக்கும் நடந்தேன். திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. புளியைக் குறைத்துத் தங்கை வைத்திருந்த கூழ் பத்து நிமிஷத்தில் தீர்ந்தது. அவளுக்கு மிச்சம் இல்லை.

காலிப் பானையை எட்டிப் பார்த்த சின்னவள், "கூத்தருங்களுக்குக் கொடுத்துட்டா, அந்த வீட்டுக்காரங்க என்ன சாப்பிட்டிருப்பாங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பல வருஷமாக இந்தப் பாட்டைப் படிக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தக் கூழ் கிடைப்பது அரண்மனையில் அல்ல, புல் வேய்ந்த குடிசைதோறும். மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, அரிசி தந்துவிட்டு மடிந்துபோகும். அப்படிப் பொறுக்கிச் சேர்த்த அரிசி அது. நன்னனின் கூத்தர் என்று சொல்லிக்கொண்டு சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழையலாம், உறவினர்போல் உண்ணலாம் என்கிறான் வழி சொல்லுகிறவன். நன்னனுடைய யானையும் தேரும் பொன்னும் கடைசியில்தான் வருகின்றன. அதுவரையில் கூத்தனின் உயிரைக் காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை பெயர் தெரியாதவர்களின் பானைகள்.

புகழ் நன்னனுக்குப் போயிற்று. அதனால் பாட்டின் பெருமை குறைந்துவிடாது. குடிசையையும் கூழையும் விடாமல் எழுதிவைத்தவர் அந்தப் புலவர்தானே! பாதிப் பாட்டை மட்டும் படித்துவிட்டு வள்ளல் என்று ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்.

அன்று மத்தியானம் தங்கைக்காக மறுபடி உலை வைத்தோம். அரிசி களைந்தவள் சின்னவள்.