விலைபோகும் காரும் வாங்கத்தக்க காரும்

பழைய கார் என்றதும் நம்மிடையே மூன்று அளவுகோல்கள் தாமாகவே மேலெழுகின்றன: மைலேஜ், சர்வீஸ் வசதி, மறுவிற்பனை மதிப்பு. 1983-இல் மாருதி 800 வந்த காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. மூன்றும் பொய்யான அளவுகோல்கள் அல்ல. ஆனால் மூன்றும் புதுக் கார் வாங்குபவருக்கு உரியவை. மறுவிற்பனை மதிப்பு முதல் உரிமையாளருக்கு வரவு. இரண்டாமவருக்கு அதுவே செலவு. ‘இந்த வண்டி நல்லா விலைபோகும் சார்’ என்று தரகர் சொல்கிறாரே, அந்த விலையைக் கொடுக்கப் போகிறவர் எதிரே நிற்கும் நாம்தான்.

எந்தப் பயனுக்கு என்பதை வரையறுக்காமல் மதிப்பீடு செய்ய முடியாது. இங்கே களம் பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடி: எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திராவுக்கும் இடையில், ஓசூர் சாலையை ஒட்டி வாழும் நால்வர் குடும்பம். கையிருப்பு நான்கரை லட்சம் ரூபாய். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறக்கப்பட்டு ஹெப்பகோடியிலேயே நிலையம் வந்துவிட்டது. சில்க் போர்டு நெரிசலைத் தினமும் காரில் கடக்கும் கட்டாயம் பலருக்கு இனி இல்லை. எனவே காரின் வேலை மாறுகிறது. வாரநாளில் பள்ளி, சந்தை, மருத்துவமனை. மாதம் ஒரு முறை அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி வழியாகத் தர்மபுரிக்கோ, தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலத்துக்கோ ஒரு பயணம்.

இந்தப் பயன்பாட்டில் மைலேஜின் எடை என்ன? ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் என்று கொள்வோம். லிட்டருக்கு 20 கொடுக்கும் கார் 300 லிட்டர் குடிக்கும். 15 கொடுப்பது 400 லிட்டர். பெட்ரோல் நூறு ரூபாயைச் சற்றே தாண்டிய நிலையில், ஆண்டு முழுவதற்கும் வேறுபாடு ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய். புறக்கணிக்கத்தக்க தொகை அல்ல. ஆனால் காரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுக்கவும் முடியாது. டீசலுக்கும் இதே கணக்கு எதிராக நிற்கிறது: ஓட்டம் குறைந்த வீட்டில் அதன் சிக்கனம் பராமரிப்பிலேயே கரைந்துவிடும்.

இனி வேட்பாளர்கள். முதலில் விலக்கியவற்றுக்குக் காரணம் சொல்ல வேண்டும். ஃபோக்ஸ்வேகன் போலோ 2014-லேயே குளோபல் என்கேப் மோதல் சோதனையில், இரண்டு ஏர்பேக்குடன், நான்கு நட்சத்திரம் பெற்றது. உடல் உறுதியில் அதற்கு மரியாதை உண்டு. ஆனால் உற்பத்தி 2022-இல் நின்றது; உதிரிபாக விலை எளிய பட்ஜெட்டுக்கு அடங்காது. மறைமலைநகரில் பிறந்த ஃபோர்டு ஃபிகோ ஓட்டுநருக்குப் பிடித்த கார். இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அந்நிறுவனம் 2021-இல் அறிவித்தபின், அதைக் கட்டிக் காப்பது ரசிகரின் கடமையாகலாம், குடும்பத்தின் கடமை ஆகாது.

மீதி மூன்று: 2019-இல் புதுவடிவம் பெற்ற வேகன் ஆர், அதே ஆண்டு வந்த ஹூண்டாய் கிராண்ட் ஐ10 நியோஸ், 2020 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்ட டாடா டியாகோ.

வேகன் ஆர் இடத்தைக் கையாளும் விதத்தில் ஒரு சாதனை. உயரமான கதவு, குனியாமல் அமரும் இருக்கை, 341 லிட்டர் டிக்கி. மூட்டுவலியுள்ள பெற்றோர் இருக்கும் வீட்டில் இதை வெல்ல ஆள் இல்லை. 1.2 லிட்டர் எஞ்சின் நான்கு பேரோடு மேம்பாலம் ஏறும்போது திணறுவதில்லை, 1.0 லிட்டர் திணறும். குறை உடற்கட்டில். 2019 மோதல் சோதனையில் இரண்டு நட்சத்திரம், கூடவே உடற்கூடு நிலையற்றது என்ற குறிப்பு. விதிகள் கடுமையானபின் 2023-இல் ஒன்று.

நியோஸ் நேர்த்தியில் முதலிடம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நின்ற நிலையில் ஓடுவதே தெரியாது. பல வகைகளில் பின்னிருக்கைக்குத் தனி ஏசி காற்றும் உண்டு. அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் மே மாத வெயிலில் காத்திருப்போருக்கு அது ஆடம்பரம் அல்ல. ஆனால் 2020 சோதனையில் இதற்கும் இரண்டு நட்சத்திரமே.

டியாகோவின் எஞ்சின் மூன்று சிலிண்டர். சிக்னலில் நிற்கையில் நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரியும். டிக்கி 242 லிட்டர், வேகன் ஆரைவிட ஏறத்தாழ நூறு லிட்டர் குறைவு. சர்வீஸ் தரம் நிலையத்துக்கு நிலையம் மாறுகிறது என்பது உரிமையாளர்களின் பழைய முறையீடு. எதிர்த்தட்டில் ஒன்றே ஒன்று: 2020 சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரம், குழந்தைகளுக்கு மூன்று.

இந்த ஒப்பீட்டின் முறையையும் சோதிக்க வேண்டும். சோதிக்கப்பட்ட வேகன் ஆரில் ஓட்டுநருக்கு மட்டுமே ஏர்பேக், டியாகோவில் இரண்டு. ஆகவே அவ்விரண்டின் நட்சத்திரங்களை நேருக்கு நேர் வைப்பது முழு நியாயம் ஆகாது. ஆனால் நியோஸும் இரண்டு ஏர்பேக்குடன்தான் சோதனைக்குப் போனது, இரண்டைத் தாண்டவில்லை. வேறுபாடு பையில் மட்டும் இல்லை, கட்டுமானத்திலும் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. டியாகோவின் நான்கும் பழைய விதிகளின்கீழ், முன்பக்க மோதலில் பெற்றது. அதை முழுக் கவசமாக எண்ண வேண்டாம். 2020-க்கு முந்தைய டியாகோக்களில் ஏர்பேக்கே இல்லாத வகைகளும் உண்டு.

சந்தை இந்த வேறுபாட்டுக்கு விலை வைக்கவில்லை என்பதுதான் வாங்குபவரின் வாய்ப்பு. மாருதியின் பெயர் விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. டாடாவின் விலை விரைவாக இறங்குகிறது. ஒரே தொகைக்கு வயது குறைந்த, ஏர்பேக் இரண்டும் உள்ள டியாகோ கிடைக்கும் இடத்தில், வேகன் ஆர் ஓரிரு ஆண்டு மூத்ததாகவே கிடைக்கும். முன்பயணி ஏர்பேக் புதுக் கார்கள் அனைத்துக்கும் கட்டாயமானது 2021 இறுதியில்தான் என்பதால், இந்த ஓரிரு ஆண்டு வெறும் எண் அல்ல.

மாடலை மதிப்பிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. நட்சத்திரம் பெற்றது தொழிற்சாலையில் பற்றவைத்த உடல். பட்டறையில் நிமிர்த்திய உடல் அல்ல. பானெட்டைத் திறந்து, முன்பக்கத் தகடுகளைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளைப் பாருங்கள்: பெயின்ட் பிளந்திருந்தால் ஸ்பேனர் ஏறியிருக்கிறது, காரணம் கேட்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பக்கம் வெள்ளம் புகுந்த நகரம் இது; தரைவிரிப்பைக் கழுவலாம், சீட் உறையை மாற்றலாம், சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டின் சேற்றுக் கறையை யாரும் நினைப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத் தயாரிப்பு. மீட்டர் 22,000 காட்டும் 2020 காரில் நான்கு டயரும் 2024-இல் தயாரானவை என்றால், பழைய டயர்கள் எந்தச் சாலையில் தேய்ந்தன?

ஓசூரின் டிஎன்-70 கார்கள் எல்லைக்கு அப்பால் மலிவாகத் தோன்றும். கர்நாடகத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம்: என்.ஓ.சி., காரின் வயதுக்கேற்பக் குறைத்த வாழ்நாள் வரி, ஆர்.டி.ஓ. அலைச்சல். அவற்றையும் கூட்டியபின் எஞ்சுவதே உண்மையான மலிவு. பேரத்தில், விற்பவர் தாம் அன்று கொடுத்த விலையிலிருந்து கணக்குத் தொடங்குவார். நீங்கள் இன்றைய புதுக் காரின் விலையிலிருந்து தொடங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது.

தீர்ப்பு: 2020-க்குப் பிந்தைய, விபத்துத் தடயம் இல்லாத, சர்வீஸ் பதிவு முழுமையாக உள்ள டியாகோ பெட்ரோல் மேனுவல் முதலிடம். நடுங்கும் எஞ்சினையும் சிறிய டிக்கியையும் அறிந்தே இதைச் சொல்கிறேன். அவை அன்றாட அசௌகரியங்கள், தொப்பூர் இறக்கத்தில் முன்னால் லாரி திடீரென நின்றால் கணக்கில் வருவது வேறு. ஏறி இறங்கச் சிரமப்படும் முதியோர் உள்ள வீட்டுக்கு இரண்டு ஏர்பேக் உள்ள வேகன் ஆர் 1.2 நியாயமான விதிவிலக்கு. நியோஸ் மூன்றாவது: ஓட்டச் சிறந்தது, இந்த அளவுகோலில் பின்தங்குவது. பழுதில்லாத வேகன் ஆர், தட்டி நிமிர்த்திய டியாகோவை எந்த நாளும் வெல்லும். எதை எடுத்தாலும் காருக்கு நான்கு லட்சத்தைத் தாண்ட வேண்டாம். டயர், பேட்டரி, காப்பீடு, பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு அந்த ஐம்பதாயிரம் தேவைப்படும்.