வார்டு பெண்ணுக்கு, வட்டம் யாருக்கு?

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாடு 2016இல் சட்டம் திருத்தியது. நகர்ப்புறத்தில் அதன் பலனைப் பார்க்க 2022 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2019இல் உருவான ஆவடி மாநகராட்சியின் 48 வார்டுகளுக்கு அதுதான் முதல் தேர்தல்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். சுய உதவிக் குழுவில் கடன் பதிவேடு எழுதி, வங்கி மேலாளரிடம் வாதாடிப் பழகிய பெண்களுக்கு மன்றத்தின் கதவு திறந்தது. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும், எந்த மழைநீர் வடிகாலில் சாக்கடை கலக்கிறது என்று இவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, கெட்டது: போன் நம்பர். வார்டு மக்களிடம் இருக்கும் ‘கவுன்சிலர் நம்பர்’ பல இடங்களில் கவுன்சிலருடையது அல்ல, எடுப்பவர் வீட்டுக்காரர். காண்ட்ராக்டர் தேடிவருவதும் அவரைத்தான். ஃப்ளெக்ஸில் கவுன்சிலர் அம்மா கைகூப்பி நிற்க, தோளுக்குப் பின்னால் இவர் சிரிக்கிறார். இதைக் காட்டி இடஒதுக்கீட்டையே கேலி பேசுகிறவர்கள் உண்டு. அப்பாவுக்குப் பின் மகன் வந்தால் மட்டும் அவர்களுக்கு உறுத்துவதில்லை.

கோளாறு ஒதுக்கீட்டில் இல்லை. அது மன்றத்தோடு நின்றுவிடுவதில் இருக்கிறது. சீட்டுக்குப் பெயர் மேலே போவது கட்சியின் வட்டச் செயலாளர், பகுதிச் செயலாளர், மாவட்டச் செயலாளர் வழியாக. அந்த நாற்காலிகளுக்குச் சட்டத்தில் ஒதுக்கீடு கிடையாது. வார்டு பெண்களுக்கு என்று அறிவித்த மறுநாளே நிர்வாகியின் வீட்டிலிருந்து ஒரு வேட்பாளர் கிடைத்துவிடுகிறார். வருடக்கணக்கில் ஆர்ப்பாட்டத்துக்கு ஆள் திரட்டிய மகளிரணிக்காரர், வேட்புமனுத் தாக்கலுக்கும் வேன் பேசிக்கொண்டிருப்பார். பெண்களைக் கட்சிக்குள் கூப்பிட்ட வாசல் மகளிரணி. அவர்களை உட்காரவைத்த திண்ணையும் அதுவே.

கட்சி வாடையே ஆகாது என்னும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் பெரிதாக மாறுபடவில்லை. செயலாளர், பொருளாளர் பதவிகள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆண்களிடம். பெண்களுக்குப் பொங்கல் கோலப் போட்டி.

சட்டமன்றத்திலும் இதே கதைதான். ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்று பட்டம் கொடுத்தது 1938இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு. அந்தப் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்கும் மாநிலத்தில் 2021இல் 234 சட்டமன்ற இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். அம்பத்தூர், ஆவடித் தொகுதிகள் 2011, 2016, 2021 மூன்று தேர்தல்களிலும் ஆண்களையே அனுப்பின. சட்டமன்ற ஒதுக்கீட்டுக்குத் தொகுதி மறுவரையறை வரட்டும் என்று காரணம் சொல்கிறார்கள். வட்டச் செயலாளர் பதவிகளில் பாதியைப் பெண்களுக்குக் கொடுக்க எந்த மறுவரையறையும் தேவையில்லை. கட்சித் தலைமையின் ஒரு தீர்மானம் போதும்.