மறதிக்கு மட்டும் மருந்து

இதயத் தமனியில் ஸ்டென்ட் வைத்த சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கையில் ஆங்கிலத்தில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. பையில் மாத்திரைகள்: ரத்தம் உறையாமலிருக்க இரண்டு, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்றோ இரண்டோ, வயிறு புண்ணாகாமலிருக்க ஒன்று. 'உப்பைக் குறையுங்கள், நடங்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள்' என்பதோடு பேச்சு முடிகிறது. வார்டில் மணிக்கு மணி பார்த்த ரத்த அழுத்தத்தை அதன்பிறகு யாரும் பார்ப்பதில்லை. திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய ஆபத்து அதிகமாக இருப்பதோ அந்த முதல் சில வாரங்களில்தான். இந்த இடைவெளிக்குள்தான் கைபேசிச் செயலிகள் வந்திருக்கின்றன. மாத்திரை வேளைக்கு மணி அடிக்கின்றன, நடந்த அடிகளை எண்ணுகின்றன, எடையையும் ரத்த அழுத்தத்தையும் குறித்து வைக்கின்றன, டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதியை நினைவுபடுத்துகின்றன.

யோசனை நல்லதுதான். ஆனால் நோயாளி மாத்திரையை விடுவது மறதியால்தான் என்ற நம்பிக்கையின் மேல்தான் இவற்றில் பெரும்பாலானவை கட்டப்பட்டிருக்கின்றன. அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

செயலிகளின் பக்கம் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடலாம். சிட்னியில் இதய மருத்துவர் கிளாரா சௌ தலைமையில் நடந்த 'டெக்ஸ்ட் மீ' ஆய்வில் செயலிகூடக் கிடையாது, வெறும் குறுஞ்செய்திதான். 710 இதய நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு வாரம் 4 செய்திகள், ஆறு மாதம். புகைபிடிக்காதவருக்குப் புகை பற்றிய செய்தி போகாது. சைவக்காரருக்கு இறைச்சி பற்றிய அறிவுரை போகாது. 2015இல் முடிவு வெளிவந்தது. செய்தி பெற்றவர்களின் கெட்ட கொலஸ்ட்ரால் சராசரி 79, பெறாதவர்களுக்கு 84. ரத்த அழுத்தத்தின் மேல் எண் 128, மற்றவர்களுக்கு 136. புகைபிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு பக்கம் 26 சதவீதம், மறுபக்கம் 43 சதவீதம். கொலஸ்ட்ராலில் ஐந்து புள்ளி பெரிய சாதனையில்லை. புகையில் தெரிகிற வித்தியாசத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. இத்தனைக்கும் இதற்கு ஆன செலவு குறுஞ்செய்திக் காசுதான்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நடந்த இன்னொரு ஆய்வு தூரத்தோடு மோதியது. மாரடைப்புக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பயிற்சிக்கு வாரந்தோறும் மருத்துவமனைக்கு வர வேண்டும். வேலைக்குப் போகிறவர்களும் தொலைவில் இருப்பவர்களும் பாதியில் நின்றுவிடுவார்கள். 120 பேரில் ஒரு பிரிவினருக்குக் கைபேசி வழியாக அதே பயிற்சியை வீட்டிலேயே கொடுத்தபோது 80 சதவீதம் பேர் முடித்தார்கள். நேரில் வரச் சொன்னவர்களில் 47 சதவீதம்தான். இந்த ஆய்வைச் செயலியின் வெற்றியாக எடுத்துக்காட்டுகிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: வாரம் ஒருமுறை ஒரு பயிற்றுநர் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினார்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் உருவாக்கிய 'கோரி' செயலி, எனக்குத் தெரிந்தவற்றில் யோசித்துச் செய்யப்பட்ட ஒன்று. வீட்டுக்குப் போன பிறகு நிறுவச் சொல்லாமல் மாரடைப்பு வந்தவர் படுக்கையில் இருக்கும்போதே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். கைக்கடிகாரம், ரத்த அழுத்தக் கருவி இரண்டும் அதோடு இணைந்தவை. ஐபோன் இல்லாதவருக்கு நூலகப் புத்தகம்போல இரவல் தந்தார்கள். 2021இல் வெளியான கணக்கில், செயலி பெற்ற 200 பேரில் 6.5 சதவீதம் பேர் 30 நாளுக்குள் மீண்டும் அனுமதியானார்கள். செயலி இல்லாதவர்களில் 16.8 சதவீதம். எண் மலைக்க வைக்கிறது. ஆனால் அந்தச் 'செயலி இல்லாதவர்கள்' அதே மருத்துவமனைகளுக்கு முன்பு வந்துபோன வேறு நோயாளிகள்; குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். செயலியைக் கற்றுக்கொள்ள ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர், பெரும்பாலும் எந்த உதவியும் இல்லாமலே தன்னைக் கொஞ்சம் நன்றாகப் பார்த்துக்கொள்ளக்கூடியவர். அந்த வேறுபாட்டைக் கணக்கில் சரிக்கட்ட ஆய்வாளர்கள் முயன்றார்கள். முழுக்கச் சரிக்கட்ட முடிகிற விஷயம் அல்ல அது.

ஆய்வு பெரிதாகிக் கட்டுப்பாடும் கடுமையாகும்போது உற்சாகம் வடிகிறது. 'டெக்ஸ்ட் மீ' தந்த நம்பிக்கையில் ஆஸ்திரேலியாவின் 18 மருத்துவமனைகளில் 1,424 பேரை வைத்து, பதில் பேசும் வசதியும் சேர்த்து, ஓர் ஆண்டுக்கு நடத்தினார்கள். 2022இல் வந்த முடிவு: மாத்திரையை ஒழுங்காக எடுப்பதில் இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. மாத்திரை நினைவூட்டும் செயலிகளை மட்டும் எடுத்து 163 பேரிடம் சோதித்த இன்னொரு ஆய்வில், செயலி வைத்திருந்தவர்கள் தாங்கள் ஒழுங்காக எடுப்பதாகச் சற்றுக் கூடுதலாகச் சொன்னார்கள். சொன்னார்கள், அவ்வளவுதான். அவர்களுடைய ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் அதை ஆமோதிக்கவில்லை. வெறும் மணி அடிக்கும் செயலிக்கும் வசதிகள் நிறைந்த செயலிக்கும் இடையிலும் வித்தியாசம் தெரியவில்லை.

இதில் எனக்கு வியப்பில்லை. மாத்திரையை நிறுத்தியவரிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். 'மறந்துட்டேன்' என்பது முதல் பதிலாக வரும், கடைசிப் பதிலாக இருக்காது. கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டால் தொடை வலிக்கிறது. பிரஷர் மாத்திரை வறட்டு இருமலைக் கொண்டுவருகிறது, ராத்திரி தூக்கம் போகிறது. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது, பயந்து நிறுத்திவிட்டார். ஊருக்குப் பஸ்ஸில் போகிற நாளில் நீர் மாத்திரை போட மாட்டார். வழியில் எங்கே இறங்குவது? மாசக் கடைசியில் பணம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், 'நல்லாத்தானே இருக்கேன்'. இவை ஒவ்வொன்றும் முடிவு, மறதி அல்ல. சிலவற்றுக்கு மருத்துவரிடம் எளிய மாற்று உண்டு: இருமலுக்கு மாத்திரையை மாற்றலாம், நீர் மாத்திரையை ஊர் போய்ச் சேர்ந்ததும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் திடீரென்று விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி உயிருக்கு ஆபத்தாகலாம் என்று யாராவது முகம் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். செயலியோ 'எடுத்தீர்களா, இல்லையா' என்று இரண்டு பொத்தான்களைக் காட்டுகிறது. மணி ஓயட்டும் என்று 'எடுத்தேன்' பொத்தானை அழுத்திவிட்டுப் போகிறவர்களை அது முன்மாதிரி நோயாளி என்று பதிவு செய்துகொள்கிறது.

இதயச் செயலிழப்பில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரியும். அங்கே ஒவ்வொரு நாள் எடையும் ஒரு தகவல்: மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று பொருள், மூச்சிரைப்பு பின்னாலேயே வரும். அமெரிக்காவில் 1,653 பேரை வைத்து நடந்து 2010இல் வெளியான 'டெலி-எச்எஃப்' ஆய்வில் ஒரு பிரிவினர் தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசிக்கு எடையையும் அறிகுறிகளையும் சொல்ல வேண்டும். அவர்களில் 14 சதவீதம் பேர் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. கடைசி வாரத்தில் மூன்று தடவையாவது கூப்பிட்டவர்கள் 55 சதவீதம்தான். மறு அனுமதியும் குறையவில்லை, இறப்பும் குறையவில்லை. ஜெர்மனியில் பெர்லின் சாரிட்டே மருத்துவமனை நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் போனது. எடை, ரத்த அழுத்தம், ஈசிஜி, ஆக்சிஜன் அளவு எல்லாம் தினமும் ஒரு மையத்துக்கு வந்தன. அங்கே 24 மணி நேரமும் மருத்துவரும் செவிலியரும் இருந்தார்கள். மாதம் ஒருமுறை நோயாளியோடு பேசினார்கள். தேவைப்பட்டால் மருந்தை மாற்ற ஏற்பாடு செய்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 100 பேருக்கு ஆண்டுக்கு 11.34 இறப்புகள், இவர்களில் 7.86. தீவிர மனச்சோர்வு உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாரடைப்புக்குப் பின் மனம் சோர்ந்துபோகிறவர்கள் நிறையப் பேர், தூரத்திலிருந்து கவனிக்கக் கடினமானவர்களும் அவர்கள்தான். எப்படியிருந்தாலும் 2020 டிசம்பரில் ஜெர்மனி இந்தக் கண்காணிப்பைக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தபோது, கருவிக்கு மட்டுமல்ல, மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கும் சேர்த்தே பணம் கொடுக்க முடிவு செய்தது.

நம் ஊர் நிலைமைக்குக் கூடுதல் சிக்கல்கள் உண்டு. அப்பாவுக்கு ஸ்டென்ட், ஸ்மார்ட்போன் திருப்பூரில் வேலைபார்க்கும் மகனிடம். மணி அங்கேதான் அடிக்கும். செயலியில் ஒரு கம்பெனி மாத்திரையின் பெயர், மருந்துக்கடைக்காரர் கொடுத்தது வேறு கம்பெனி, அரசு ஆஸ்பத்திரி அட்டையில் மூலப்பெயர் மட்டும். மூன்றும் ஒன்றே என்று தெரியாமல் இரண்டைச் சேர்த்து விழுங்குகிறவர்கள் உண்டு. இருந்தும் இந்தியாவிலிருந்து ஒரு நல்ல சான்று இருக்கிறது, அதில் செயலியே இல்லை. 14 மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்த 806 பேரை வைத்து நடந்து 2016இல் வெளியான 'ஸ்ப்ரெட்' ஆய்வில், பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள் வார்டிலும் பிறகு வீட்டிலும் போய்ப் பேசினார்கள். படங்கள் காட்டினார்கள், நோயாளிக்கென்று ஒரு டைரி வைத்தார்கள். ஓர் ஆண்டுக்குப் பின் மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர்கள் 97 சதவீதம்; இந்த உதவி கிடைக்காதவர்களில் 92. ஐந்து புள்ளிதான். ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 'ஏன் விட்டீங்க' என்று கேட்டுச் சேர்த்த புள்ளிகள் அவை.

தமிழ்நாட்டில் அந்தத் திண்ணைக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோகிறார்கள். செயலியை நோயாளியின் கைபேசியில் போடுவதைவிட, இதய நோயாளிகளையும் சேர்த்து இவர்களுடைய கையில் கொடுப்பது பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. 'எடுத்தீர்களா' என்ற பொத்தானுக்குப் பதில் 'ஏன் விட்டார்' என்று எழுத ஓர் இடம் வேண்டும். அதைப் படித்து அன்றே மருந்தை மாற்றித்தர மறுமுனையில் ஒரு மருத்துவர் வேண்டும். இந்த இரண்டாவது இல்லாவிட்டால் என்னவாகும் என்பதற்கு ஆந்திரம் உதாரணம். அங்கே கிராமங்களில் ஆஷா எனப்படும் சுகாதாரப் பணியாளர்களிடம் டேப்லெட் கொடுத்து, இதய நோய் ஆபத்து அதிகமுள்ளவர்களைக் கண்டுபிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பச் செய்தார்கள். 2019இல் வந்த முடிவில் ரத்த அழுத்தக் கட்டுப்பாடு வழக்கமான கவனிப்பைவிட மேம்பட்டிருக்கவில்லை. ஆபத்தைக் கண்டறிகிற கருவி வீடுவரை வந்தது. மருந்துச் சீட்டு எழுதுகிறவர் பழைய இடத்திலேயே இருந்தார்.