யார் அழைத்தால் ஐயர்?

லூத்தரன் சபையில் குருப்பட்டத்தை ஞானஸ்நானத்தோடும் நற்கருணையோடும் சேர்த்து எண்ணுவதில்லை. ஞானஸ்நானம் பெற்ற எவரும் ஆசாரியரே என்பது லூத்தரின் போதனை. அப்படியானால் ஐயர் எனப்படும் குரு எதற்கு? 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, 14ஆம் பிரிவில் இதற்குப் பதில் வைத்திருக்கிறது: முறைப்படி அழைக்கப்படாதவர் சபையில் போதிக்கவும் கூடாது, நற்கருணை கொடுக்கவும் கூடாது. யார் அழைப்பது என்பதில்தான் தமிழ்நாடு, இலங்கை என்ற நம் இரு கரைகளும் வேறு வேறு வழியில் போயின.

தரங்கம்பாடியில் 1733 டிசம்பர் 28 அன்று ஆரோனுக்குப் பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் புரொட்டஸ்தாந்து சுதேசக் குரு அவர்தான். பேராயர் யாரும் அங்கே இல்லை. அங்கிருந்த லூத்தரன் மிஷனரிகளே அவர் தலைமேல் கை வைத்தார்கள். லூத்தரன் முறைக்கு அது போதும். ஆனால் அதே காலத்தில் தஞ்சாவூர்ச் சீமையில் ஓடியோடி உழைத்த உபதேசியார் ராஜநாயக்கனையும் பட்டத்துக்கு எண்ணிப் பார்த்துவிட்டு ஒதுக்கினார்கள். அவர் பறையர், வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்ற அச்சம். 1741இல் தியாகோவுக்குப் பட்டம் கிடைத்தது, ராஜநாயக்கனுக்கு அப்போதும் இல்லை. சபைதான் அழைக்கிறது என்றால் சபையின் சாதியும் சேர்ந்தே அழைக்கிறது. மிஷனரிகள் இதை எதிர்த்து நின்றிருக்க வேண்டும்.

இலங்கையின் கரையோரத்தில் அப்போது ஒல்லாந்தர் ஆட்சி, சீர்திருத்தச் சபை. குருமார் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளக்காரர்கள். தமிழரான பிலிப்பு தெ மெல்லோவும் அந்த ஏற்பாட்டுக்குள்தான் குருவானார். கம்பெனிச் சேவையில் இருந்த ஜெர்மானிய லூத்தரன்களோ தங்கள் ஐயருக்குக் காத்திருந்தார்கள். 1760இல் தரங்கம்பாடியிலிருந்து லூத்தரன் மிஷனரி சுவார்ச் ஐயர் போனபோது அவர் கையால் நற்கருணை வாங்கினார்கள். தங்களில் ஒருவரே அப்பத்தைப் பிட்டுக்கொள்ளலாம் என்று துணியாததற்கு அந்த 14ஆம் பிரிவே காரணம் என்று நினைக்கிறேன்.

பின்னாளில் தமிழ்நாட்டில் 1919இல் தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை அமைந்தது. 1921இல் சுவீடன் வழியாகப் பேராயர் பட்டமும் வந்தது. ராஜா மாணிக்கம் 1956இல் முதல் இந்தியப் பேராயரானார். இலங்கையில் மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழரிடையே வேர்விட்டது அமெரிக்க லூத்தரன் சபையான மிசூரி சினாடின் ஊழியம். அந்த மரபில் பேராயர் கிடையாது, தலைவர் மட்டுமே. நாகர்கோவில் பக்கத்து இந்திய சுவிசேஷ லூத்தரன் சபையும் அதே மரபில் வந்ததுதான்.

பேராயர் கை வைக்காத பட்டம் ஒரு மாற்றுக் குறைவு என்று திருச்சி, தஞ்சை வட்டாரத்தில் பேசுவோர் உண்டு. ஆக்ஸ்பர்க் அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. நுவரெலியா மலையில் ஒரு தோட்டத்துச் சபை முறைப்படி அழைத்த ஐயரும் தரங்கம்பாடிப் பேராயர் கை வைத்த ஐயரும் லூத்தரன் கணக்கில் சமமே.