கல்லூரி இணையதளம் யாருக்காக?

எக்ஸ்கேசிடியில் ராண்டல் மன்றோ 2010-ல் போட்ட ஒரு கார்ட்டூன் பலருக்கு நினைவிருக்கலாம். இரண்டு வட்டங்கள். ஒன்றில் பல்கலைக்கழக முகப்புப் பக்கத்தில் இருப்பவை: வளாகப் படங்கள், தலைவரின் கடிதம், பத்திரிகைச் செய்திகள். இன்னொன்றில் ஜனங்கள் அங்கே தேடுபவை: விண்ணப்பப் படிவம், பாடப்பிரிவுப் பட்டியல், உருப்படியான வரைபடம். இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று, பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர்.

அமெரிக்க நக்கல்தான். ஆனால் போன வருஷம் நம்ம ஊர் பொறியியல் கலந்தாய்வு சமயத்தில் எனக்கு அது சிரிப்பாக வரவில்லை. என் சித்தப்பா பேத்தி ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் எதை எந்த வரிசையில் போடுவது என்று போனில் உட்கார்ந்து பார்த்தோம். அவள் போட்டிருந்த பட்டியலில் எல்லாமே பஸ்ஸில் போய் வரக்கூடிய கல்லூரிகள். ஏன் என்றேன். "ஹாஸ்டலுக்கு எவ்வளவு ஆகும்னு எங்கயுமே போடலயே மாமா" என்றாள்.

7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேருபவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்பது 2021-லேயே அறிவித்த விஷயம். நாங்கள் திறந்து பார்த்த பதினோரு கல்லூரித் தளங்களில் ஒன்றில்கூட அந்த ஒரு வரி இல்லை.

அதில் ஒரு தளம் அப்போதுதான் புதுசாக மாற்றியமைத்தது. நகரும் படங்கள், சுழன்று ஏறும் எண்கள், மூலையில் ஒரு சாட்பாட். கட்டணம் என்று தட்டினால் முதலில் மொபைல் நம்பர் கேட்கிறது. கொடுத்தால் பதில் வராது, அட்மிஷன் ஆபீஸிலிருந்து போன்தான் வரும்.

இதை டிசைன் கோளாறு என்று நான் நினைக்கவில்லை. எங்கள் தொழிலில் முதல் கேள்வியே ரெக்வயர்மென்ட் யார் கொடுத்தது என்பதுதான். இங்கே கொடுப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆய்வுக்கு வருபவர். நாக், என்ஐஆர்எஃப், ஏஐசிடிஇ கேட்பதெல்லாம் ஒழுங்காக ஏறியிருக்கும். ஏஐசிடிஇ-யின் கட்டாய வெளிப்படுத்தலில் கட்டணமும் சேர்த்தி. ஆனால் அதை ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாகப் போட்டால் தேடலில் சிக்காது, போனில் படிக்கவும் முடியாது. இன்னொருவர் சேர்க்கைக்கு ஆள் பிடிப்பவர். அவருக்கு விலை தெரியாத வாடிக்கையாளர்தான் வசதி. பதினேழு வயதுப் பிள்ளையிடம் யாரும் ரெக்வயர்மென்ட் கேட்கவில்லை. அப்புறம் எத்தனை தடவை தளத்தை மாற்றியமைத்தாலும் பெயின்ட்தான் மாறும்.

"அரசு விதிகள் வருஷா வருஷம் மாறும், அதை நாங்கள் போட்டால் சிக்கல்" என்று கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பர் சொன்னார். நியாயம்தான். எந்தக் கல்வியாண்டுக்கானது என்று எழுதி, அரசாணைக்கு லிங்க் கொடுத்தால் தீர்ந்தது. அமெரிக்காவில் மத்திய அரசு உதவித்தொகை பெறும் கல்லூரிகள் ஒரு மாணவருக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போடும் வசதியை 2011 அக்டோபரிலிருந்து தங்கள் தளத்தில் வைத்தாக வேண்டும். சட்டம் சொன்னதால் வைத்தார்கள். இங்கே அவ்வளவுகூட வேண்டாம். ஒரே பக்கம் போதும்: கலந்தாய்வுக் குறியீடு, பிரிவுவாரியாகப் போன வருஷக் கட்-ஆஃப், விடுதியும் பஸ்ஸும் சேர்த்த மொத்தச் செலவு, யார் யாருக்கு என்ன சலுகை, சந்தேகம் கேட்க ஒரு நம்பர். அதுவும் தமிழில். பணம் கட்டப்போகிற அப்பா அம்மாவும் படிக்க வேண்டுமே.

அரசாணையைத் தேடிப் படித்துவிட்டுக் கடைசி நாள் ராத்திரி பட்டியலை மாற்றினோம். மேலே ஏறிய மூன்று கல்லூரிகளும் வெளியூர். அதில் இரண்டாவதில் இப்போது படிக்கிறாள். போன் போட்டுக் கேட்க அவளுக்கு ஒரு மாமா இருந்தான். அவள் வகுப்பில் அதே ஒதுக்கீட்டுக்குத் தகுதியுள்ள இன்னும் நாலு பேர் பக்கத்து ஊர்க் கல்லூரியையே முதலில் போட்டார்களாம்.