எம்49: உலக நாடுகளைப் பகுக்கும் பட்டியல்

உலக நாடுகளைப் புவியியல் மண்டலங்களாகப் பிரிக்க இன்று பெரிதும் பின்பற்றப்படுவது, ஐக்கிய நாடுகள் அவையின் புள்ளியியல் பிரிவு பராமரித்துவரும் எம்49 பட்டியல். 1970-இல் முதன்முதலாக வெளிவந்த இப்பட்டியலில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆட்சிப்பகுதிக்கும் மூன்று இலக்க எண் ஒன்று உண்டு. உலகம் முழுமைக்கும் 001. ஆப்பிரிக்கா 002, ஓசியானியா 009, அமெரிக்கக் கண்டங்கள் 019, ஆசியா 142, ஐரோப்பா 150 என ஐந்து பெருமண்டலங்கள். அவற்றுக்குள் துணை மண்டலங்கள். இந்தியாவின் எண் 356. அது தெற்காசியாவில் (034) அடங்கும். அண்டார்க்டிகா எந்த மண்டலத்திலும் சேராமல் தனியே நிற்கிறது.

பட்டியலின் முதல் வலிமை இந்த எண்களில் இருக்கிறது. எண்கள் எந்த மொழிக்கும் எந்த எழுத்துக்கும் கட்டுப்படாதவை. ஒரு நாட்டின் பெயர் மாறினால் எண் மாறுவதில்லை. நிலப்பரப்பு மாறினால் மாறுகிறது. இலங்கையின் எண் 144. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் 140-க்கும் சாட் நாட்டின் 148-க்கும் நடுவில் அது இருப்பதற்குக் காரணம், ஆங்கில அகரவரிசையில் எண்கள் தரப்பட்டபோது அந்நாடு ‘சிலோன்’ என்ற பெயரில் இருந்ததே. 1972-இல் பெயர் மாறியது, எண் அப்படியே நின்றது. பர்மா மியன்மார் ஆன பிறகும் 104 தொடர்கிறது. மாறாக, 2011-இல் சூடான் இரண்டாகப் பிரிந்ததும் பழைய 736 கைவிடப்பட்டு, சூடானுக்கு 729, தெற்கு சூடானுக்கு 728 என்று புதிய எண்கள் வந்தன. பழைய சூடானின் மக்கள்தொகையைப் புதிய சூடானுடன் தவறுதலாக ஒப்பிட்டுவிடாமல் ஆய்வாளரைக் காக்கும் ஏற்பாடு இது. பல்லாண்டுத் தரவுகளைக் கையாள்வோருக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும்.

ஒரு நாடு ஒரே ஒரு துணை மண்டலத்தில்தான் இடம்பெறும் என்பது அடுத்த வலிமை. துணை மண்டலங்களைக் கூட்டினால் மண்டலம் வரும், மண்டலங்களைக் கூட்டினால் உலகம் வரும். எதுவும் இரு முறை எண்ணப்படுவதில்லை. பிரிப்பு புள்ளியியல் வசதிக்காக மட்டுமே, அரசியல் சார்பைக் குறிப்பதன்று என்று ஐ.நா.வே அறிவித்தும் இருக்கிறது.

ஆனால் இதே விதியே குறைகளுக்கும் வழிவிடுகிறது. ரஷ்யா முழுவதும் கிழக்கு ஐரோப்பாவில் வைக்கப்பட்டுள்ளது. பசிபிக் கரையில் வட கொரிய எல்லைக்கு அருகே உள்ள விளாதிவோஸ்தோக் நகரமும் ஆகவே கிழக்கு ஐரோப்பாதான். பட்டியலில் வட ஆசியா என்ற பிரிவே இல்லை. துருக்கி முழுவதும் மேற்காசியா என்பதால், இஸ்தான்புல்லின் ஐரோப்பியக் கரையும் ஆசியக் கணக்கில் சேர்கிறது. சைப்ரஸ் 2004 முதல் ஐரோப்பிய ஒன்றிய உறுப்பினர். இங்கே அது மேற்காசிய நாடு. பிரான்சின் பகுதியான பிரெஞ்சு கயானா தனி எண்ணுடன் தென் அமெரிக்காவில் இடம்பெற, ஹவாய் மட்டும் அமெரிக்காவோடு சேர்ந்து வட அமெரிக்காவில் எண்ணப்படுகிறது. தனி எண் பெற்ற பகுதி நிலத்தைப் பின்பற்றுகிறது, பெறாத பகுதி அரசைப் பின்பற்றுகிறது. புவியியல் பகுப்பு என்று பெயர் இருந்தாலும், முடிவு செய்வது பெரும்பாலும் ஆட்சி எல்லையே. இரண்டு கோடிக்கு மேல் மக்கள் வாழும் தைவானுக்குப் பட்டியலில் தனி இடம் இல்லாததும் அரசியலின் தடமே.

தெற்காசியாவை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னும் தெளிவாகும். எம்49 கணக்கில் இதில் ஒன்பது நாடுகள்: இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம், பூட்டான், மாலத்தீவு, ஆப்கானிஸ்தான், ஈரான். சார்க் அமைப்பில் ஈரான் இல்லை; உறுப்பினர் எட்டு. உலகச் சுகாதார நிறுவனமோ இந்தியாவையும் இலங்கையையும் தாய்லாந்தோடும் வட கொரியாவோடும் சேர்த்துத் ‘தென்கிழக்கு ஆசிய மண்டலம்’ என்கிறது; பாகிஸ்தான் அங்கே கிழக்கு மத்தியதரைக்கடல் மண்டலத்தில் இருக்கிறது. ஒரே மாதத்தில் வெளியாகும் இரண்டு அறிக்கைகள் ஏறத்தாழ ஒரே பெயரில் வெவ்வேறு மக்கள்கூட்டங்களைப் பற்றிப் பேச முடியும். சுமார் 9 கோடி மக்களும் எண்ணெய் வளமும் கொண்ட ஈரான் உள்ளே வருவதும் வெளியே போவதும் சராசரி வருமானத்தை நகர்த்திவிடும்.

சராசரிதான் பெரிய ஆபத்து. எம்49 தெற்காசியாவின் மக்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் இந்தியர். மக்கள்தொகைக்கேற்ப எடையிட்ட எந்தச் சராசரியும் பெரும்பாலும் இந்தியாவின் எண்ணே. ஆயுட்காலத்தில் இந்தியாவைவிட முன்னே நிற்கும் இலங்கையும் மாலத்தீவும், பின்தங்கி நிற்கும் ஆப்கானிஸ்தானும் அதற்குள் மறைந்துவிடுகின்றன. நிலைபேறான வளர்ச்சி இலக்குகள் குறித்த ஐ.நா. அறிக்கைகள் இன்னும் ஒருபடி மேலே சென்று, மத்திய ஆசியாவையும் தெற்காசியாவையும் ஒன்றாக்குகின்றன. கஜகஸ்தானின் புல்வெளிக்கும் வங்கதேசத்தின் கழிமுகத்துக்கும் பொதுவாக ஒரு சுகாதார எண்ணைச் சொல்வதால் இரு நாட்டுத் திட்டக்காரருக்கும் பயன் எதுவும் இல்லை.

பட்டியல் திருந்தாத ஒன்றன்று. ‘வளர்ந்த’, ‘வளரும்’ என்ற பிரிவுகள் 2021 டிசம்பரில் நீக்கப்பட்டன. பல பத்தாண்டுகளாக உலகின் பெரும்பகுதியை ஒரே சொல்லுக்குள் அடைத்துவைத்திருந்த வழக்கம் அது. நீக்கியது சரியான முடிவு. ஆனால் மண்டல எல்லைகளைத் திருத்துவது அவ்வளவு எளிதன்று. ரஷ்யாவின் ஆசியப் பகுதியைப் பிரித்தெழுதினால் வரைபடம் சரியாகும். பல்லாண்டுத் தரவுத் தொடர் அறுந்துபோகும். அந்த விலை பெரிது. ஆகவே எல்லைகளைத் தொடாமல் விடுவதே மேல். மாற வேண்டியது பட்டியலைக் கையாளும் முறை. ‘தெற்காசியா’ என்று எழுதும் ஒவ்வோர் அறிக்கையும் அதில் எந்தெந்த நாடுகள் அடங்கும் என்பதைச் சொல்ல வேண்டும். மண்டலச் சராசரிக்குப் பக்கத்திலேயே நாடுவாரி எண்களையும் தர வேண்டும்.