ரசிகர் புனைகதையும் நூற்குற்றமும்: நன்னூல் நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

பிறர் படைத்த கதையுலகையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு, அப்படைப்பின்மீது பற்றுக்கொண்ட வாசகர் தாமே எழுதும் கதை ரசிகர் புனைகதை எனப்படுகிறது. ஆங்கிலத்தில் ஃபேன் ஃபிக்‌ஷன் என வழங்கும் இவ்வகை, இன்று அறியப்படும் வடிவில், 1966 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ரசிகர்கள் நடத்திய சிற்றிதழ்களில் வேரூன்றியது. 1967இல் வெளிவந்த ‘ஸ்பாக்கனேலியா’ அவற்றுள் முதலாவதாகக் கருதப்படுகிறது. 1998இல் ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் தளமும் 2009இல் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளமும் தோன்றியபின் இவ்வெழுத்து மிகப் பெருகியது.

பெருக்கத்தோடு இருவகைக் குறைகளும் ஒலிக்கலாயின. கதைகள் தரமற்றவை என்பது வாசகர் கூறும் குறை. திறனாய்வு புண்படுத்துகிறது என்பது எழுதுவோர் கூறும் குறை. குற்றத்தை நூலில் காணாது எழுதியவரிடம் காணும்போதே இவ்விரண்டும் பகையாக மாறுகின்றன என்பதையும், அவற்றைப் பிரித்தறிய நன்னூலின் நூற்குற்றக் கோட்பாடு துணைசெய்யும் என்பதையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழிநூலும் விகற்பமும்

13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நூலினை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்துகிறார். முதல்நூலின் பொருளோடு ஒத்துச்சென்று, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் ஏற்று அமைவது வழிநூல் என்பது அவர் கருத்து. இவ்விலக்கணம் அறிவு நூல்களை முன்வைத்து எழுந்தது, புனைகதைக்கென வகுக்கப்பட்டதன்று. எனினும், மூலத்தைச் சார்ந்து எழுதுவோன் எவ்வளவு ஒத்துப்போக வேண்டும், எவ்வளவு வேறுபடலாம் என்னும் வினா இரண்டிற்கும் பொதுவாகும்.

கம்பர் இதற்குத் தக்க சான்றாவார். வான்மீகத்தில் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கிச் செல்கிறான். கம்பரிலோ, அவள் இருந்த சாலையை நிலத்தொடு பெயர்த்தெடுக்கிறான். இம்மாற்றத்திற்குரிய சாபமாகிய காரணம் காப்பியத்துள்ளேயே சுட்டப்படுகிறது. ஆகவே, அது மூலத்தை மீறலாகாது விகற்பமாகிறது. அண்மைக் காலத்தில், 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ கதையைத் தொடர்ந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதியமையும் இவ்வினாவோடு தொடர்புடையதே. மூலத்தைத் தொட்டெழுதுதல் தமிழ் மரபில் இழிவாகக் கருதப்பட்டதில்லை. தொட்ட முறையே ஆராயப்பட்டது.

வாசகர் குறைகளும் பத்துக் குற்றமும்

ரசிகர் புனைகதையைப் பற்றி வாசகர் அடிக்கடி கூறும் குறைகளைத் தொகுத்து நோக்கின், அவற்றுட் பல நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் அடங்குகின்றன. மூலத்தின் காட்சிகளை அப்படியே திரும்ப எழுதி, ஓரத்தில் புதிய பாத்திரம் ஒன்றை நிறுத்துதல் கூறியது கூறல் ஆகும். கண்ணின் நிறத்தையும் ஆடையின் மடிப்பையும் பத்தி பத்தியாக வருணித்தல் மிகைபடக் கூறல். மூலத்தை அறிந்தவர்தாமே படிப்பர் என்று கருதி, இடமும் சூழலும் காட்டாது விடுதல் குன்றக் கூறல். எழுத்துப்பிழை, தொடர்ப்பிழை ஆகியன வழூஉச்சொல் புணர்த்தலின்பாற்படும். ஆர்வத்துடன் தொடங்கி, இயல்தோறும் மெலிந்து, இடையில் கைவிடப்படும் தொடர்கதைகள் சென்று தேய்ந்து இறுதலுக்குத் தெளிவான சான்றுகளாம்.

இவற்றுள் பெரிதும் பேசப்படுவது பாத்திரம் தன் இயல்பு திரிதல் என்பதாகும். இதனை மாறுகொளக் கூறல் எனலாம். ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ஸ்பாக் உணர்ச்சியை அடக்கி அறிவின்வழி நடப்பவன். அவன் அழுவதாக எழுதினாலே குற்றம் என்பார் உளர். ஆனால், 1966இல் ஒளிபரப்பான ‘தி நேக்கட் டைம்’ என்னும் பகுதியில் மூலமே அவனை அழவைக்கிறது. மனக்கட்டுப்பாட்டை நீக்கும் தொற்று ஒன்று அதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. எனவே அழுதல் குற்றமன்று. காரணமின்றி அழுதலே குற்றம். சாலையோடு பெயர்த்த கம்பரின் மாற்றத்திற்கும் இதற்கும் அளவுகோல் ஒன்றே என்பது இங்கு நோக்கத்தக்கது.

பெயர் வசையான வரலாறு

குற்றத்திற்குப் பெயரிடுதல் திறனாய்வின் முதற்பணி. அப்பெயர் எவ்வாறு வசையாகத் திரியும் என்பதற்கு ‘மேரி சூ’ என்னும் சொல்லின் வரலாறு எடுத்துக்காட்டாகும். 1973இல் பவுலா ஸ்மித் ‘எ டிரெக்கீஸ் டேல்’ என்னும் மிகச் சிறிய எள்ளற்கதையை ரசிகர் இதழொன்றில் எழுதினார். பதினைந்தரை வயதுடைய மேரி சூ, விண்படையின் மிக இளைய துணை அதிகாரி. கப்பல் தலைவன் கண்டவுடன் காதல் உரைக்கிறான். தலைவர்கள் சிறைப்பட அவள் மீட்கிறாள். அவர்கள் நோயுற அவள் கப்பலை நடத்தி நோபல் பரிசும் பெறுகிறாள். இறுதியில் அனைவரும் அழ உயிர்விடுகிறாள். எழுதுவோர் தம் விருப்பத்தையே பாத்திரமாக்கிக் கதையுலகம் முழுவதையும் அதன் காலடியில் வைக்கும் வழக்கத்தை இக்கதை எள்ளுகிறது. நன்னூல் தகாதென விலக்கும் தற்புகழ்ச்சி, பாத்திரத்தின் பெயரில் மறைந்து நுழைவதே இக்குற்றம் எனக் கொள்ளலாம்.

ஆனால், நாளடைவில் இப்பெயர் கதையைவிட்டுக் கதை எழுதியவரைச் சுட்டலாயிற்று. திறமையுடைய பெண்பாத்திரம் எதுவாயினும் மேரி சூ எனப்பட்டது. இவ்வச்சம் காரணமாகப் பெண்கள் தம் கதைகளில் பெண்பாத்திரங்களைப் படைக்கவே தயங்கியமையைக் கமில் பேக்கன் ஸ்மித் 1992இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் கவனப்படுத்தினார். எல்லாம் வல்ல ஆண் தலைவனை வீரன் எனப் போற்றும் வாசகரே, அத்தகைய பெண்ணைக் கண்டவிடத்து எழுதியவளை நகைத்தனர். இளம்வயதில் முதன்முதலாக எழுதத் துணிந்த பலர் இந்நகைப்பிற்கு இலக்காயினர். ஒரு குற்றம் களையப்பட்டதோ இல்லையோ, எழுதும் கை ஒடுங்கியது.

திறனாய்வை ஏற்றல்

இதன் எதிர்விளைவாக, கேளாது குறைகூறல் நாகரிகமன்று என்னும் கருத்து ரசிகர் எழுத்துலகில் வலுப்பெற்றுள்ளது. ஊதியமின்றி எழுதப்படும் கதை ஒரு கொடை. கொடையை எடைபோடலாகாது என்பது அவர்தம் வாதம். இதில் நியாயம் உண்டு. எனினும், புகழுரை மட்டுமே பெறும் எழுத்து தன் குற்றத்தை அறியும் வழியின்றி நின்றுவிடும்.

இவ்விரு முனைகளுக்கும் இடையே அவ்வுலகமே ஒரு வழியையும் கண்டுள்ளது. பீட்டா ரீடர் எனப்படும் முன்வாசகர், கதை வெளிவருமுன் அதனைப் படித்துப் பிழை சுட்டுகிறார். எழுதியவர் கதையின் தலைப்பில் அவருக்கு நன்றி கூறுகிறார். கேட்டுப் பெறும் திறனாய்வு ஆதலின் அது புண்படுத்துவதில்லை. அவையில் அரங்கேற்றி, ஐயம் நீக்கி, அதன்பின் நூலை உலவவிட்ட தமிழ் மரபோடு இதனை ஒப்புநோக்கலாம்.

திறனாய்வை எதிர்கொள்ளும் மனநிலையிலும் இருவேறு நிலைகள் உள்ளன. பாற்கடலை நக்கப் புகுந்த பூனையாகத் தம்மைக் காட்டி அவையடங்கினார் கம்பர். 1943இல் ‘சாபவிமோசனம்’ எழுதிய புதுமைப்பித்தனோ, இராமாயணம் அறிந்தோர்க்கு இது பிடிக்காமற் போகலாம், அதனைத் தாம் பொருட்படுத்தவில்லை என முன்கூட்டியே அறிவித்தார். பணிவும் மறுப்பும் வேறு வேறாயினும், இருவரும் மூலத்தை நன்கு அறிந்தே வேறுபட்டனர். சீதை தீக்குளித்த செய்தி கேட்டு அகலிகை மீண்டும் கல்லாவது மூலத்தின் அறத்தையே மூலத்திற்கு எதிரே நிறுத்தும் வினா. இவ்வாறு விடைகூற வல்லார்க்குத் திறனாய்வை மறுக்கவும் உரிமை உண்டு. பிறர் தம்மைப் பழித்தவிடத்துத் தற்புகழ்ச்சியும் குற்றமாகாதென நன்னூல் விலக்கு அளிப்பது இங்கு நினைக்கத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. ரசிகர் புனைகதை மூலத்தைச் சார்ந்திருத்தல் குற்றமன்று. காரணம் காட்டாது மூலத்தொடு மாறுபடுதலே குற்றம்.

2. நன்னூல் வகுத்த பத்தும் நூலின் குற்றங்களே. நூலாசிரியனின் வயதையோ பாலையோ அவை வினவுவதில்லை. ‘சென்று தேய்ந்து இறுதல்’ எனக் கேட்டவர் தம் கதையின் பிற்பகுதியைத் திருத்த இயலும். ‘மேரி சூ’ எனக் கேட்டவர் எழுதுவதையே நிறுத்தக்கூடும்.

3. கேட்டுப் பெறும் முன்வாசிப்பு, வசைக்கும் வெற்றுப் புகழ்ச்சிக்கும் மாற்றாக அமைகிறது.

பிறர் கதையில் கைவைத்து எழுதப் பழகுவோர் நாளைய எழுத்தாளராகக்கூடும். அவர்தம் குற்றத்தைச் சொல்லாது விடுதலும், குற்றமாக அவரையே சொல்லுதலும் ஒருங்கே அவர்க்கு இழைக்கும் தீங்காகும் என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.